குழந்தைக்கு ஆகாத உணவு எது? ஆய்ந்து தெளியும் வழி

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்வோர், மலையேறுவதற்கு முன் காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்து செல்வர். இவ்வூரைத் தாண்டிக் காரவள்ளியை அடைந்தால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை தொடங்குகின்றது. மேலே சாமையும் கேழ்வரகும் மிளகும் அன்னாசியும் பலாவும் விளைகின்றன. கீழே நிலக்கடலையும் சோளமும் மரவள்ளியும் பயிராகின்றன. மாவட்டத்துக் கோழிப் பண்ணைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் வெளியூர்களுக்குச் செல்கின்றன. கறவை மாடு வளர்ப்போரும் பலர். ஒரு குழந்தை நன்கு வளர்வதற்கு வேண்டிய உணவுப் பொருள்கள் பெரும்பாலும் இவ்வட்டாரத்திலேயே கிடைக்கின்றன எனலாம்.

ஆயினும், இவ்வுணவுகள் குழந்தைகளின் வயிற்றைச் சென்றடையாதபடி தடுப்பது சில சமயங்களில் ஒரே ஒரு சொல்லாக இருக்கின்றது. “இவனுக்கு முட்டை ஆகாது”, “இவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது”, “கடலை கொடுத்தால் கரப்பான் வரும்” என்று வீட்டில் யாரேனும் ஒருவர் சொல்லிவிட்டால், அவ்வுணவு அன்றோடு நின்றுவிடுகின்றது. அச்சொல் சில வீடுகளில் உண்மையாக இருக்கலாம். பல வீடுகளில் அது வெறும் ஐயமே. உண்மையையும் ஐயத்தையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இவ்விஷயத்தில் தவறு இரு பக்கத்திலும் நேரக்கூடும். மெய்யாகவே ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு அவ்வுணவை மீண்டும் ஊட்டினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கு முட்டையையும் பாலையும் பருப்பையும் நிறுத்தினாலோ, அக்குழந்தை எடை குறைந்து, வளர்ச்சி குன்றி, அடிக்கடி நோயுறும். முன்னது அரிதாக நேர்வது. ஆனால் சில நிமிடங்களில் வெளிப்படுவது. பின்னது பரவலாக நேர்வது. ஆனால் பல மாதங்கள் கழித்தே கண்ணுக்குத் தெரிவது. இரண்டினின்றும் குழந்தையைக் காத்தல் நம் கடமையாகும்.

ஒவ்வாமை என்பது யாது?

நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடும் ஆற்றல் ஒன்று உண்டு. ஊர்க்காவலனைப் போன்ற அவ்வாற்றல், சில குழந்தைகளிடத்தில் ஆள் தெரியாமல் விருந்தினரையே பகைவர் என்று எண்ணித் தாக்குகின்றது. தீங்கற்ற ஓர் உணவிலுள்ள புரதத்தைப் பகையெனக் கொண்டு உடல் செய்யும் இத்தாக்குதலே உணவு ஒவ்வாமை எனப்படும். ‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கினார். இத்தாக்குதலுக்குக் காரணமான ஐ.ஜி.ஈ. என்னும் பொருள் இரத்தத்தில் இருப்பதை 1966-ஆம் ஆண்டில் இஷிசாகா என்னும் ஜப்பானிய விஞ்ஞானத் தம்பதியர் கண்டறிந்தனர்.

இவ்வகை ஒவ்வாமைக்குச் சில தெளிவான இலக்கணங்கள் உண்டு. முதலாவது, அது விரைந்து வரும். உண்ட சில நிமிடங்களுக்குள், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்திற்குள் குறிகள் தோன்றிவிடும். இரண்டாவது, சிறு அளவு உணவே போதும். ஒரு கவளம்கூட வேண்டுவதில்லை. மூன்றாவது, அதே உணவை அதே பக்குவத்தில் மீண்டும் உண்டால் பெரும்பாலும் மீண்டும் வரும். நான்காவது, குறிகள் தோலோடு நிற்காமல் பிற உறுப்புகளிலும் காணப்படலாம். தோலில் காணாக்கடி போன்ற தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், திடீர் வாந்தி, வயிற்றுவலி, இருமல், மூச்சிரைப்பு, குரல் கம்முதல், குழந்தை துவண்டு விழுதல் ஆகியன அக்குறிகளாம்.

மற்றொரு வகையும் உண்டு. அது மெல்ல வருவது. உணவு உண்ட சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோ, விடாத வாந்தி, மலத்தில் சளியும் இரத்தமும் கலந்து போதல், கரப்பான் மிகுதல், எடை ஏறாமை முதலியன தோன்றும். கைக்குழந்தைகளில் பசும்பாலால் வரும் ஒவ்வாமை சில சமயம் இவ்வாறு அமையும். இதனைக் கண்டறிவதற்குப் பொறுமை மிகவும் தேவை.

ஒவ்வாமை போலத் தோன்றுவன

உணவு உண்டபின் வரும் துன்பம் யாவும் ஒவ்வாமையன்று. நம் வட்டாரத்தில் ஒவ்வாமை என்று தவறாகக் கருதப்படுவன சிலவற்றை இங்குக் கூறுவோம்.

அன்னாசிப்பழம் தின்றபின் நாக்கு எரிவதும் உதட்டோரம் சிவப்பதும் அப்பழத்திலுள்ள புளிப்பாலும், புரதத்தைக் கரைக்கும் ஒரு வகை நொதியாலும் பெரும்பாலும் நேர்வன. தக்காளி, எலுமிச்சை போன்றவை குழந்தையின் வாயைச் சுற்றிப் பட்டால் தோல் சிறிது சிவந்து, சிறிது நேரத்தில் தானே மறையும். இவற்றை அஞ்சவேண்டுவதில்லை.

மரவள்ளிக்கிழங்கில், சிறப்பாகக் கசப்பு வகையில், சயனைடு என்னும் நஞ்சைத் தரும் பொருள் உண்டு. தோலுரித்து, நறுக்கி, நீரில் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் நன்கு வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடாமல் உண்டால் வாந்தியும் மயக்கமும் வரும். இது நஞ்சு, ஒவ்வாமையன்று. ஆனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டியது. ஒரே உணவை உண்ட பலருக்கும் ஒருசேரத் துன்பம் வந்தால், அது கெட்ட உணவாகவோ நஞ்சாகவோ இருக்கலாம் என்பதை நினைவிற்கொள்க. ஒவ்வாமை பெரும்பாலும் உண்டவர்களுள் ஒருவரையே தாக்கும்.

வயிற்றுப்போக்கு வந்து தெளிந்த குழந்தைக்குப் பால் கொடுத்தால் வயிறு உப்பி, மீண்டும் நீராகப் போவதுண்டு. குடலில் பாற்சர்க்கரையைச் செரிக்கும் பொருள் சில நாள்களுக்குக் குறைந்துபோவதே இதற்குக் காரணம். குடல் தேறியபின் பால் மீண்டும் செரிக்கும். இதனைக் கண்டு, “பால் இவனுக்கு ஆயுளுக்கும் ஆகாது” என்று முடிவு கட்டுதல் பெரும் பிழையாகும். தாய்ப்பாலை எக்காலத்தும் இதற்காக நிறுத்தலாகாது.

வேர்க்குரு, சொறி சிரங்கு, பூச்சிக்கடி, புதிய சோப்பு, காய்ச்சலின்போது கொடுத்த மருந்து ஆகியவையும் தோலில் தடிப்பை உண்டாக்கும். சிறு குழந்தைகளிடம் காணப்படும் காணாக்கடிக்குச் சளிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளே பெரும்பாலும் காரணம். காய்ச்சல் கண்ட நாளில் முட்டை கொடுத்திருந்தால், பழி முட்டையின்மேல் விழுகின்றது.

இனி, ‘கரப்பான் பண்டம்’ என்னும் வழக்கைப் பற்றி ஒரு சொல். கத்திரிக்காய், கருவாடு, சோளம் முதலியன கரப்பானை மிகுவிக்கும் என்று நம் முன்னோர் கருதிவந்தனர். உணவுக்கும் தோல்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று கண்டுகொண்ட அவர்களுடைய கூர்மையை நாம் மதிக்கவேண்டும். எனினும், ஒருவருக்கு ஆகாதது எல்லாருக்கும் ஆகாது என்று கொள்வது பொருந்தாது. மைசூரில் கத்திரிக்காயைப் பற்றி நடந்த ஓர் ஆராய்ச்சி 2008-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கத்திரிக்காய் தமக்குத் தொல்லை தருகின்றது என்று கூறியோர் பலர். ஆயின் சோதனைகளால் மெய்யான ஒவ்வாமை உறுதிப்பட்டோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கத்திரிக்காயில் இயல்பாகவே ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் இருப்பதால் வாயிலும் தொண்டையிலும் அரிப்பு உண்டாகலாம் என்றும் ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். ஆதலின், பட்டியலைப் பார்த்து உணவை விலக்காமல், குழந்தையைப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும்.

அடிக்கடி காரணமாகும் உணவுகள்

எந்த உணவும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்றாலும், பெரும்பாலானவற்றிற்குக் காரணமாவன சிலவே. பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, எள், மீன், இறால் ஆகியன அவை. நம் நாட்டில் கொண்டைக்கடலை முதலிய பருப்பு வகைகளும் காரணமாவதுண்டு. அரிசியும் சிறுதானியங்களும் காய்கறிகளும் காரணமாவது மிகவும் குறைவு.

முட்டையில் மஞ்சட்கருவைவிட வெள்ளைக்கருவே மிகுதியும் காரணமாகின்றது. வெள்ளைக்கருவிலுள்ள புரதங்களுள் சில நன்கு வெந்தால் தம் தன்மையை இழந்துவிடும்; ஒன்று மட்டும் வெப்பத்திற்கு எளிதில் அசையாது. அதனாலேயே, அரைவேக்காட்டு முட்டை ஆகாத சில குழந்தைகள், மாவோடு கலந்து நன்கு வேகவைத்த பண்டத்திலுள்ள முட்டையைத் தொல்லையின்றி உண்கின்றனர்.

பசும்பால் ஆகாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுப்பது நம் கிராமங்களில் உள்ள வழக்கம். இது பயனற்றது, சில சமயம் ஆபத்தானதுமாகும். ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் உள்ள புரதங்கள் பசும்பாலின் புரதங்களை மிகவும் ஒத்தவை. ஒன்று ஆகாத குழந்தைக்கு மற்றவையும் பெரும்பாலும் ஆகா.

வீட்டில் செய்யவேண்டியது: கேட்டலும் குறித்தலும்

ஒவ்வாமையைக் கண்டறிவதில் சோதனைக் கூடத்தைவிடத் தாயின் நினைவே முதன்மையான கருவியாகும். ஐயம் எழுந்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை எழுதி வைத்தல் நலம்.

1. குழந்தை உண்டது என்ன? எவ்வளவு? பச்சையாகவா, வெந்ததா? அதனோடு சேர்ந்த பிற பொருள்கள் யாவை?

2. உண்ட எத்தனை நிமிடம் அல்லது எத்தனை மணி நேரம் கழித்துக் குறி தோன்றிற்று? எவ்வளவு நேரம் நீடித்தது?

3. குறி எங்கே தோன்றிற்று? தோலில் மட்டுமா? வாந்தி, மூச்சிரைப்பு, துவளுதல் உண்டா?

4. அதே உணவை இதற்கு முன் உண்டதுண்டா? பின்னர் உண்டதுண்டா? அப்பொழுதெல்லாம் என்ன நேர்ந்தது?

5. அன்று காய்ச்சல், சளி, புது மருந்து, பூச்சிக்கடி, புதுச் சோப்பு ஏதேனும் உண்டா?

6. அதே உணவை உண்ட மற்றவர்களுக்கு ஏதேனும் நேர்ந்ததா?

இவ்வினாக்களின் பயனைக் காண, காளப்பநாயக்கன்பட்டியில் இரண்டு குழந்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதற்குழந்தைக்கு வயது ஒன்றரை. நண்பகலில் அங்கன்வாடியில் அவித்த முட்டை உண்டது. இரவு உடலில் தடிப்புகள் தோன்றின. பாட்டி முட்டையை நிறுத்தச் சொல்லிவிட்டார். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால், முட்டைக்கும் தடிப்புக்கும் இடையே எட்டு மணி நேரம் சென்றிருக்கின்றது. முந்திய நாளிலிருந்தே குழந்தைக்குக் காய்ச்சல். கடந்த மாதங்களில் பலமுறை முட்டை உண்டும் ஒன்றும் நேரவில்லை. மறுநாள் முட்டை உண்ணாதபோதும் தடிப்பு வந்திருக்கின்றது. இங்கு முட்டை குற்றவாளியன்று; இதனைச் சுகாதார நிலையத்தில் காட்டி உறுதி செய்துகொண்டு, முட்டையைத் தொடரலாம்.

இரண்டாம் குழந்தைக்கு வயது பத்து மாதம். முதன்முறையாகச் சிறிது முட்டை ஊட்டிய பத்தாம் நிமிடத்தில் உதடு வீங்கிற்று, தடிப்புகள் எழுந்தன, இருமுறை வாந்தி எடுத்தது. இங்கே ஐயத்திற்கு இடமில்லை. இக்குழந்தைக்கு மீண்டும் ஒரு துளி முட்டையும் வீட்டில் ஊட்டிப் பார்த்தல் கூடாது. உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். வீட்டில் செய்யும் சோதனைகள் முதற்குழந்தையைப் போன்றோருக்கே உரியவை. இரண்டாம் குழந்தையைப் போன்றோருக்கு உரியவை அல்ல என்பதை எல்லாரும் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

நீக்கிப் பார்த்தலும் மீண்டும் ஊட்டலும்

மெல்ல வரும் வகையைத் தெளிவதற்கு மருத்துவர்கள் ஒரு முறையைக் கையாளுகின்றனர். ஐயத்திற்குரிய ஒரே ஓர் உணவை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் முற்றிலும் நீக்குவர். குறிகள் நீங்குகின்றனவா என்று பார்ப்பர். நீங்கினால், அவ்வுணவை மீண்டும் சிறிது சிறிதாக ஊட்டுவர். குறிகள் திரும்ப வந்தால் ஒவ்வாமை உறுதியாகின்றது. வராவிட்டால் அவ்வுணவு விடுதலை பெறுகின்றது.

நம் மக்கள் இம்முறையின் முற்பாதியைச் செய்கின்றனர், பிற்பாதியை விட்டுவிடுகின்றனர். உணவை நிறுத்தியபின் தடிப்பு மறைந்தால், அது தானாகவே மறைந்திருக்கவும் கூடும். மீண்டும் ஊட்டிப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. உழவர்கள் இதனை எளிதில் உணர்வர். உரமிட்ட வயலையும் இடாத வயலையும் ஒப்பிடாமல், விளைச்சல் உரத்தால் வந்தது என்று கூறுவது எங்ஙனம்?

இம்முறையில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்கவேண்டும். இரண்டு, ஒரே சமயத்தில் பல உணவுகளை நீக்கலாகாது. மூன்று, கரப்பானுள்ள குழந்தை இதுவரை தீங்கின்றி உண்டுவந்த உணவை, ஆலோசனையின்றி நெடுநாள் நிறுத்தலாகாது. அவ்வாறு நிறுத்தி மீண்டும் ஊட்டும்பொழுது, முன்பு இல்லாத கடும் ஒவ்வாமை தோன்றியதுண்டு.

மருத்துவமனையில் செய்யும் சோதனைகள்

விரைந்து வரும் வகைக்கு இரண்டு சோதனைகள் வழக்கில் உள்ளன. ஒன்று, உணவுச் சாற்றின் துளியைத் தோலின்மேல் வைத்து ஊசிமுனையால் மெல்லக் கீறி, தடிப்பு எழுகின்றதா என்று பார்ப்பது. மற்றொன்று, இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. அளவைக் காண்பது. இவை பயனுள்ளவை, ஆயினும் தனித்து நின்று தீர்ப்புக் கூறத்தக்கவை அல்ல.

இதனை விளக்க நம் அண்டை மாநிலத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியே போதும். பெங்களூரு, மைசூரு வட்டாரத்தில் வயது வந்தோரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2016-ஆம் ஆண்டில் வெளியாயின. அதன்படி, ஏதேனும் ஓர் உணவுக்கு இரத்தச் சோதனையில் ‘உண்டு’ என்று காட்டியோர் நூற்றுக்கு 26.5 பேர். ஆனால் சோதனையோடு உண்டபின் வந்த குறிகளும் பொருந்தி, ஒவ்வாமை உடையோராகக் கருதத்தக்கோர் நூற்றுக்கு 1.2 பேர் மட்டுமே. அதே ஆராய்ச்சித் திட்டத்தில் பள்ளிச் சிறுவர்களிடம் கண்ட அளவு இன்னும் குறைவு, நூற்றுக்கு 0.14. அதாவது, 1,000 சிறுவர்களில் இருவர்கூட இல்லை. மிகச் சிறு குழந்தைகளிடம் இவ்வளவு சற்று மிகுதியாக இருக்கலாம். எனினும், இரத்தச் சோதனைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு உணவை நிறுத்துவோமானால், ஒவ்வாமையுள்ள ஒருவருக்காக ஒவ்வாமையற்ற பலரைப் பட்டினி போடுவோம் என்பது தெளிவு.

ஆகவே, குறிகளே இல்லாத குழந்தைக்கு இருபது, முப்பது உணவுகளுக்கு ஒருங்கே இரத்தம் பார்ப்பது பணத்தை வீணாக்குவதாகும். ஐ.ஜி.ஜி. என்னும் வேறொரு பொருளை அளந்து ஒவ்வாமைப் பட்டியல் தரும் சோதனைகளும் சில இடங்களில் விற்கப்படுகின்றன. அப்பொருள் உணவை உண்டதற்கு அடையாளமேயன்றி ஒவ்வாமைக்கு அடையாளமன்று. முட்டையையோ பாலையோ வீட்டில் குழந்தையின் கையில் தடவிப் பார்ப்பதும் சோதனையாகாது.

ஐயம் தீராதபொழுது, இறுதித் தீர்ப்பு வழங்குவது உணவூட்டல் சோதனை. மருத்துவரின் கண்காணிப்பில், மருந்துகளை அருகில் வைத்துக்கொண்டு, அவ்வுணவை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி ஊட்டுவர். இதனை மருத்துவமனையிலன்றி வேறெங்கும் செய்தலாகாது. இதற்குரிய குழந்தையை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் கடிதத்தோடு, குழந்தை நல மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். நாமக்கல்லில் 2022-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருப்பது இவ்வட்டார மக்களுக்கு வாய்ப்பாகும்.

ஆபத்துக் காலத்தில்

உணவு உண்ட சிறிது நேரத்தில் குழந்தைக்கு மூச்சிரைப்பு, விடாத இருமல், குரல் கம்முதல், நாக்கு வீக்கம், உடல் வெளிறித் துவளுதல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும், தடிப்போடு வாந்தியும் சேர்ந்து வந்தாலும், அதனைக் கடும் ஒவ்வாமை என்று கொண்டு ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் செயற்படவேண்டும்.

இதற்குரிய மருந்து அட்ரினலின் ஊசி. தொடைத் தசையில் போடப்படுவது. அரிப்புக்குக் கொடுக்கும் மருந்து தடிப்பைக் குறைக்குமேயன்றி, மூச்சடைப்பினின்று உயிரைக் காக்காது. 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் நடைபெற்றுவரும் 108 ஆம்புலன்சை உடனே அழைக்கவேண்டும். குழந்தையைப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி வைக்கலாம். மூச்சுவிடத் திணறினால் மடியில் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுப்பி நிறுத்துவதும், தோளில் நிமிர்த்திப் போட்டு ஓடுவதும் கூடா. விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்வதும், வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றுவதும் கூடா. துன்பம் அடங்கிய சில மணி நேரம் கழித்து மீண்டும் தோன்றக்கூடுமாதலின், மருத்துவமனையில் சில மணி நேரம் தங்கியே திரும்பவேண்டும்.

மலைமேல் வாழ்வோர் 70 வளைவுகளையும் இறங்கி நாமக்கல்லுக்குச் செல்ல எண்ணாமல், செம்மேட்டிலுள்ள அரசு மருத்துவமனையையோ, அதனினும் அருகிலுள்ள சுகாதார நிலையத்தையோ முதலில் நாடுதல் வேண்டும். ஊசி போட்டபின் மேற்சிகிச்சையைப் பற்றி எண்ணலாம்.

வருமுன் காத்தல்

ஒவ்வாமை வரும் என்று அஞ்சி முட்டையையும் கடலையையும் குழந்தைக்கு இரண்டு மூன்று வயது வரை கொடுக்காமலிருப்பதே நல்லது என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் கூறிவந்தனர். அக்கருத்து இன்று மாறிவிட்டது. இங்கிலாந்தில் பேராசிரியர் கிடியோன் லாக் என்பாரும் அவர் குழுவினரும், கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு நிலக்கடலை உணவைத் தொடர்ந்து ஊட்டியும், மற்றொரு பகுதியினருக்கு அதனை விலக்கியும் பார்த்தனர். ஐந்து வயதில், விலக்கியவர்களுள் நூற்றுக்கு 17.2 பேருக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது, ஊட்டப்பட்டவர்களுள் 3.2 பேருக்கே இருந்தது. இம்முடிவு 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஜப்பானில், கரப்பானுள்ள குழந்தைகளுக்கு ஆறாம் மாதம் முதல் நன்கு வேகவைத்த முட்டைப் பொடியைச் சிறு அளவில் ஊட்டிய ஆராய்ச்சி 2017-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதுவும் இத்தகைய பயனையே காட்டியது.

ஆகவே, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவைத் தொடங்குக. புதிய உணவுகளை ஒவ்வொன்றாக, பகற்பொழுதில், சிறு அளவில் தொடங்கி, ஓரிரு நாள் பார்த்து அடுத்ததற்குச் செல்லுக. முட்டையை நன்கு அவித்து மசித்துக் கொடுக்கலாம். நிலக்கடலையை வறுத்து விழுதாக அரைத்துக் கஞ்சியிற் கரைத்துக் கொடுக்கலாம். முழுக்கடலையை ஐந்து வயது வரை கொடுத்தலாகாது. அது மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். கடும் கரப்பானுள்ள குழந்தைக்கு மட்டும், இவற்றைத் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்க.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம் என்ற பெயரில் முட்டை, பால், பருப்பு முதலியவற்றை விலக்குவதால் குழந்தைக்கு ஒவ்வாமை வராமற் போவதில்லை. தாயின் உடல்தான் மெலிகின்றது. வெடித்துப் புண்ணான தோலில் உணவுப் பொருளின் துகள் படுவதும் ஒவ்வாமைக்கு வழி செய்யலாம் என்று கருதப்படுகின்றது. ஆதலின், கரப்பானுள்ள குழந்தையைக் கடலைமாவு தேய்த்துக் குளிப்பாட்டாமல், மருத்துவர் கூறும் களிம்பால் தோலைப் பேணுக.

உறுதியான பின்

ஒவ்வாமை உறுதியானால், அந்த ஓர் உணவை மட்டும் நிறுத்தி, அதற்கு ஈடான உணவைக் கொடுத்தல் வேண்டும். முட்டை ஆகாத குழந்தைக்குப் பால், பருப்பு, கடலை, மீன், இறைச்சி உள்ளன. பால் ஆகாத குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கேழ்வரகும் கீரையும், அவற்றோடு முட்டையும் பருப்பும் உள்ளன. ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்குப் பால் ஆகாதெனின், தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டு, மேற்கொண்டு செய்யவேண்டுவதை மருத்துவர் வாயிலாகவே அறிதல் வேண்டும். மாதந்தோறும் எடை பார்ப்பதை விடலாகாது.

கடையில் வாங்கும் பொட்டலங்களில் பால், முட்டை, கடலை, கோதுமை, சோயா முதலியன கலந்திருப்பதை அச்சிட்டுக் காட்டவேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அதனைப் படித்து வாங்குக. திருவிழாக் கடைப் பண்டங்களுக்கு அத்தகைய குறிப்பு இராது, கேட்டே வாங்கவேண்டும்.

முட்டை ஒவ்வாமையுள்ள குழந்தைக்கும் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி போடலாம். அதனைத் தவிர்த்தல் தவறு. செவிலியரிடம் ஒவ்வாமையைத் தெரிவித்தால் போதும். பால், முட்டை ஒவ்வாமைகள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடுகின்றன. கடலை ஒவ்வாமை ஐவரில் ஒருவருக்கே நீங்குகின்றது. ஆதலின், ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, தடையை நீக்கலாமா என்று கேட்டறிக. ஒருமுறை எழுதிய தீர்ப்பை ஆயுள் முழுதும் சுமக்க வேண்டுவதில்லை.

பஞ்சாயத்தின் கடமை

ஒவ்வாமை ஒரு வீட்டின் விஷயம் என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒதுங்கிவிடலாகாது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் முட்டையும் சத்துமாவும் வழங்கப்படுகின்றன. எந்தக் குழந்தை முட்டையை உண்ணாமல் விடுகின்றது, ஏன் விடுகின்றது என்பதை அங்கன்வாடிப் பணியாளர் அறிவார். மருத்துவரால் ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளின் பெயரைச் சமையலறையில் எழுதி வைத்து, அவர்களுக்கு வேறு உணவு கிடைக்க வழி காணலாம். ஐயத்தால் மட்டுமே உணவு நிறுத்தப்பட்ட குழந்தைகளைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அனுப்பலாம். 2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்படி ஆண்டிற்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரவேண்டிய மருத்துவக் குழுவினரிடமும் அவர்களைக் காட்டலாம்.

அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் அட்ரினலின் இருப்பில் உள்ளதா, இரவில் ஊசி போட யார் இருப்பர் என்பதை உறுப்பினர்கள் நேரிற் சென்று கேட்டறிதல் நலம். தொலைபேசி எட்டாத மலைச் சிற்றூர்களில், அவசரத்திற்கு வண்டி தரக்கூடியவர் யார் என்பதை முன்னரே முடிவு செய்து ஊரார்க்கு அறிவிக்கலாம். சுற்றுவட்ட ஊராட்சிகளின் கிராம சபைக் கூட்டங்களில் செவிலியரை அழைத்து, ஒருமுறையேனும் இப்பொருள் பற்றிப் பேசச் செய்யலாம்.

பண்ணையிலிருந்து முட்டை லாரியேறிப் பல நூறு மைல் செல்கின்றது. அம்முட்டை அடுத்த தெருவிலுள்ள குழந்தையின் தட்டிற்கு வராமற் போவதற்கு ஒரு தவறான சொல் காரணமாகலாகாது. அதே முட்டை மெய்யாகவே ஆகாத ஒரு குழந்தையின் தட்டிற்கு அறியாமையால் சென்றுவிடவும் கூடாது. உற்று நோக்கிக் குறித்து வைப்போம், மருத்துவரைக் கேட்போம், தெளிந்தபின் முடிவு செய்வோம். இவ்வொழுங்கைத் தம் ஊர்களில் நிலைநாட்டப் பெற்றோரும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் ஒருங்கே முன்வருவார்களாக.